தெளிந்து தேர்தல்: உரைகல் யார் கையில்?



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரைப் புகழ்ந்து பேசுவது வழக்கம். நாம் இன்று நினைவுகூரும் மூத்த தோழருக்குப் புகழ்ச்சி பிடிக்காது. ஆகவே அவர் நம்மிடம் விட்டுச்சென்ற ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, திருவிழாவில் மாதா சப்பரம் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று கேட்கப் பங்குச் சாமியாரிடம் பத்துப் பதினைந்து பேர் போனோம். எங்களிடம் திருவிழா வரி வாங்குவதில்லை. வரி வாங்கினால் உரிமையும் கொடுக்க வேண்டும் அல்லவா? சாமியார் கோபப்படவில்லை. "அவசரப்பட வேண்டாம். எல்லாரும் அமைதியா ஜெபிச்சு, கடவுளோட விருப்பம் என்னன்னு தெளிஞ்சு தேருவோம்" என்றார். நம் தோழர் எழுந்து, "சாமி, எங்க தாத்தா காலத்துல இருந்து ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். மேலத்தெருக்காரங்களும் ஜெபிக்கிறாங்களே, அவங்களுக்குக் கடவுள் என்ன சொன்னாருன்னு கேட்டீங்களா?" என்றார். பதில் வரவில்லை. சப்பரமும் வரவில்லை.

அன்று அந்தச் சொல்லின் மீது எங்களுக்கு வெறுப்பு வந்தது. தள்ளிப்போடுவதற்குச் சூட்டிய பக்திப் பெயர் என்றே நினைத்தோம். தோழர் மட்டும் அதை விடவில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் அதை உண்டாக்கினார்கள், அதற்கு என்ன விதிகள் உண்டு என்று தேடிப் படித்தார். படித்ததை எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் கற்றதையும் அதற்குப் பின் நாம் கற்றதையும் ஒரு வரலாறாகச் சொல்வதே இந்த உரையின் நோக்கம்.

படுக்கையில் பிறந்த பாடம்

கத்தோலிக்க வழக்கில் இன்று 'தெளிந்து தேர்தல்' என்று சொல்லப்படுவதற்கு வேர் விவிலியத்தில் இருக்கிறது. ஆவிகளைப் பகுத்தறிவதை ஒரு கொடையாகப் பவுல் குறிப்பிடுகிறார். எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கும்படி யோவானின் முதல் திருமுகம் சொல்கிறது. பாலைவனத் துறவிகளும் இதைப் பேசியிருக்கிறார்கள். ஆனால் ஒரு சாதாரண மனிதர் தன் மனத்தைத் தானே சோதித்துக் கற்றுக்கொள்ளும் முறையாக இதை வகுத்தவர் லொயோலா இஞ்ஞாசியார்.

1491இல் பாஸ்க் நாட்டில் பிறந்த அவர் ஒரு படைவீரர். 1521 மே 20 அன்று பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. லொயோலா வீட்டில் படுத்திருந்தபோது வீரக்கதைகள் கேட்டார். அந்த வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றிய நூலும் புனிதர் வரலாறும்தான். அவற்றைப் படித்துவிட்டுக் கனவு காண்பார். சீமாட்டிக்காக வீரச் செயல் புரியும் கனவு அந்த நேரத்தில் இனித்தது, முடிந்ததும் மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழும் கனவு இனித்தது, முடிந்த பின்னும் அந்த இனிப்பு நின்றது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததுதான் தொடக்கம். ஒரு நினைப்பு வரும்போது எப்படி இருக்கிறது என்பதைவிட, போன பின்பு என்ன விட்டுச்செல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று அவர் கற்றார்.

அடுத்து மன்ரேசா ஊரில் 1522, 1523 ஆண்டுகளில் தவமிருந்தார். அங்கே பாம்பு வடிவில், கண்கள் போன்ற ஒளிப்புள்ளிகளோடு ஓர் அழகான உருவம் அவருக்கு அடிக்கடி தோன்றியது. பார்க்கப் பார்க்க ஆறுதலாக இருந்தது. பிறகுதான் அது ஏமாற்று என்று தெளிந்தார். அழகாக இருப்பதும் ஆறுதல் தருவதும் மட்டுமே கடவுளிடமிருந்து வந்ததற்கு அடையாளம் ஆகாது என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

அப்போது அவர் குருவானவர் அல்லர், இறையியல் படித்தவரும் அல்லர். தன் அனுபவத்திலிருந்து பிறருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் விசாரணை வந்தது. 1527இல் அல்காலாவில் 42 நாள், சலமாங்காவில் 22 நாள் சிறையில் இருந்தார். எந்தப் பாவம் பெரிது, எது சிறிது என்று சொல்ல, படிக்காத உனக்கு என்ன தகுதி என்பதே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியின் சாரம். இந்தக் கேள்வி நமக்குப் பழக்கமானது. அவர் வகுத்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலுக்குப் பாப்பரசர் மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்தது 1548இல். அதற்கு முன்பே, 1540இல், இயேசு சபை திருச்சபையின் ஏற்பைப் பெற்றிருந்தது.

நான்கு விதிகள்

அந்த நூலின் விதிகளில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: தவறான வழியில் போய்க்கொண்டிருப்பவருக்குக் கெட்ட ஆவி இன்பமும் நிம்மதியும் காட்டும். நல்ல ஆவி அவருடைய மனச்சாட்சியைக் குத்தும், கலங்க வைக்கும். நல்ல வழியில் போகிறவருக்கு இது தலைகீழாக நடக்கும். ஆகவே அமைதி எப்போதும் நல்ல ஆவியின் அடையாளம் அன்று. யாருடைய அமைதி, எந்த வழியில் போகிறவரின் அமைதி என்று கேட்டாக வேண்டும்.

இரண்டு: மனம் வறண்டு சோர்ந்த நேரத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றக்கூடாது. இந்த விதியைத்தான் நம்மிடம் அதிகம் சொல்வார்கள். 'நீங்கள் கோபத்தில் இருக்கிறீர்கள், இப்போது முடிவு எடுக்காதீர்கள்' என்பார்கள். ஆனால் வறட்சி என்று இஞ்ஞாசியார் சொல்வது நம்பிக்கையும் அன்பும் வற்றிப்போன நிலையை. அநீதியைக் கண்டு எழும் கோபம் பல நேரம் அன்பிலிருந்தே பிறக்கிறது. இரண்டையும் ஒன்றாக்குவது விதியைப் படித்தவர் செய்யும் வேலை அன்று. வறட்சியில் கையைக் கட்டிக்கொண்டு இரு என்றும் அவர் சொல்லவில்லை. அந்த வறட்சியை எதிர்த்து முனைந்து செயல்படு என்பதே அடுத்த விதி.

மூன்று: கெட்ட ஆவி இரகசியத்தை விரும்பும். ஒரு பெண்ணை ஏமாற்ற நினைப்பவன், அவள் தன் தகப்பனிடம் சொல்லிவிடுவாளோ என்று அஞ்சுவது போல, தன் சூழ்ச்சி வெளிப்படுவதற்கு அது அஞ்சும். வெளியே சொன்னாலே அதன் பலம் பாதி போய்விடும்.

நான்கு: கெட்ட ஆவி ஒளியின் தூதனைப் போல வேடமிட்டு வரும். நல்ல நினைப்போடு நுழைந்து, தன் நோக்கத்தோடு வெளியேறும். ஆகவே ஒரு நினைப்பின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும். முடிவில் பாம்பின் வால் தெரிந்தால், திரும்பி நடந்து எந்த இடத்தில் வழி மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த நான்காவது விதியைத்தான் தோழர் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரு மனிதரின் மனத்துக்குப் பொருந்தும் விதி ஒரு சபையின் நானூறு ஆண்டு வரலாற்றுக்கும் பொருந்தாதா என்பது அவர் வாதம். அதையே இப்போது செய்து பார்க்கிறோம்.

தொடக்கம், நடு, முடிவு

முதலில் இயேசு சபையின் சொந்த வீடு. இஞ்ஞாசியார் காலத்து ஸ்பெயினில் 'இரத்தத் தூய்மை' என்று ஒரு கோட்பாடு இருந்தது. யூத, இசுலாமிய மரபிலிருந்து மதம் மாறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பதவிக்குத் தகுதியற்றவர்கள் என்றது அது. 1547இல் தொலேதோ பேராலயம் அதைச் சட்டமாக்கியது. இஞ்ஞாசியார் அதைத் தன் சபைக்குள் விடவில்லை. கிறிஸ்துவின் இனமான யூத இனத்தில் பிறந்திருந்தால் அதைப் பேறாகக் கருதியிருப்பேன் என்று அவர் சொன்னதாக, அவரோடு வாழ்ந்து அவர் வரலாற்றை எழுதிய ரிபதநெய்ரா பதிவு செய்திருக்கிறார். அவருக்குப் பின் சபையின் தலைவரான லைனஸ் அந்த மரபில் வந்தவர்தான். ஆனால் 1593இல் கூடிய சபையின் ஐந்தாம் பொதுப் பேரவை, அந்த மரபினரைச் சபையில் சேர்க்கக்கூடாது என்று தீர்மானித்தது. சபையின் நற்பெயரைக் காப்பதுதான் சொல்லப்பட்ட காரணம். 1608இல் சற்றுத் தளர்த்தினார்கள். முழுதாக நீக்கியது 1946இல்தான். தெளிந்து தேர்தலை உலகுக்குக் கற்பித்தவர்களின் வீட்டிலேயே பிறப்பு ஒரு தகுதியாக 353 ஆண்டுகள் சட்டத்தில் இருந்தது.

அந்தத் தீர்மானம் வந்து 13 ஆண்டுகளில், 1606இல், இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். தமிழும் சமற்கிருதமும் கற்று, தமிழ் உரைநடையில் கிறிஸ்தவ நூல்கள் எழுதியவர். கிறிஸ்தவராக வேண்டுமானால் பரங்கியாக மாற வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்தார். இந்தத் தொடக்கத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நடுவில் என்ன நடந்தது? சந்நியாசி வேடம் பூண்டு, புலால் விலக்கி, பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டு, பரவர்களுக்காக மதுரையில் முன்பே பணியாற்றிவந்த பெர்னாண்டஸ் அடிகளின் இருப்பிடத்திலிருந்து விலகி வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் வெறும் சமூக வழக்கங்கள் என்பது அவர் வாதம். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவற்றுக்கு அனுமதி தந்தார். சாதி சமயத்தைச் சேர்ந்ததன்று, சமூக வழக்கம்தான் என்ற வாதம் இவ்வாறு திருச்சபைக்குள் இடம்பிடித்தது. பூணூலுக்கு அது பொருந்தியிருக்கலாம். தீண்டாமைக்கும் அதையே பொருத்தினார்கள்.

1640 முதல் பண்டாரசாமிகள் என்ற இரண்டாம் வகைக் குருக்கள் வந்தார்கள். பிராமண சந்நியாசியாக வாழ்ந்த குரு நம்மைத் தொட முடியாது, பண்டாரசாமி தொடலாம் என்று ஏற்பாடு ஆனது. ஒரே சபை, ஒரே நற்கருணை, இரண்டு வகைக் குருக்கள். புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் துர்னோன் 1704இல் வெளியிட்ட ஆணையில் ஒரு கட்டளை, நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குள் குருக்கள் சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்பது. சாகக்கிடக்கும் மனிதரின் வாசற்படியைத் தாண்டுவதற்கு ஆணை தேவைப்பட்டது என்பதை மாணவ நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்மீதும் நாற்பது ஆண்டுகள் வாதாடினார்கள். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதிப்படுத்தியபோது, பறையர்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டார்.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது, 1814இல் மீண்டும் நிறுவப்பட்டது. 1838இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மறைப்பணிக்கு வந்தார்கள். வழக்கங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன. கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கம், கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை என்று அவை கல்லும் சுண்ணாம்புமாகவே மாறின. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயில் கால்சட்டை போல இரண்டு கிளைகளாகப் பிரிந்து ஒரே பீடத்தில் சேர்ந்தது. ஒரு கிளை வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. 1910இல் தடுப்பு இடிக்கப்பட்டதும் வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுடைய கோரிக்கையை ஏற்கவில்லை. கடவுளின் பீடத்துக்கு முன்னால் நிற்காத வாதம் வெள்ளைக்காரன் நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

முடிவை நாம் கண்ணாலேயே கண்டோம். 2008 மார்ச் மாதம் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இருவரும் வன்னியக் கத்தோலிக்கர்கள். அவர்களுடைய சாவுக்கும் நாம் துக்கப்பட்டோம். சாதி தன்னைச் சுமப்பவர்களையும் தின்னும்.

இப்போது விதியின்படி திரும்பி நடப்போம். வழி மாறிய இடம் எது? உயர்ந்த சாதியாரை முதலில் சேர்த்துவிட்டால் மற்றவர்கள் தாமே வருவார்கள் என்று நினைத்த இடம். நம்மைத் தொடுவது அவர்களுக்கு இடறலாகிவிடும் என்று அஞ்சிய இடம். இடறல் என்பது அங்கே எப்போதும் மேலே இருப்பவரின் இடறலாகவே இருந்தது. வாசலில் நிறுத்தப்பட்டவரின் இடறலை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லாம் அமைதி, விவேகம், ஆன்மாக்களின் மீட்பு என்ற நல்ல பெயர்களோடுதான் நடந்தது. ஒளித்தூதன் வேடம் என்று இஞ்ஞாசியார் எதைச் சொன்னாரோ, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இல்லை.

கற்றுக்கொண்டவர்கள்

வரலாறு இதோடு முடிந்திருந்தால் இந்தச் சொற்பொழிவுக்குத் தேவை இருந்திருக்காது. ஒடுக்கப்பட்டவர்களும் தெளிந்து தேர்ந்தார்கள். அந்த வரலாற்றை அந்தப் பெயரால் யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அண்ணல் அம்பேத்கர் 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14 அன்று. இடையில் 21 ஆண்டுகள். ஒவ்வொரு சமயத்தையும் சோதித்தார். கிறிஸ்தவத்தையும் சோதித்தார். மதம் மாறிய பின்னும் சாதியைத் தொடர விட்ட திருச்சபைகளைக் கடுமையாக விமர்சித்தார். கோபத்தோடு தொடங்கிய தேடல் 21 ஆண்டு நிதானத்தோடு நடந்தது. கோபமும் நிதானமும் பகையல்ல என்பதற்கு வேறு சாட்சி நமக்கு வேண்டாம்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. ஏழை மாணவர்களுக்குப் பணிசெய்யும் ஆசையோடு துறவு மடத்தில் சேர்ந்த ஒரு தலித் பெண், ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறிய கதை அது. நாம் அதைத் தெளிந்து தேர்தலின் நூலாகவும் வாசிக்கிறோம். எந்த அழைப்பை நம்பி உள்ளே போனாரோ, அதே அழைப்புக்கு உண்மையாக இருப்பதற்காகவே வெளியே வந்தார். மூன்றாம் விதியையும் அந்த நூல் நிறைவேற்றியது. மடத்துச் சுவருக்குள் இரகசியமாக இருந்ததை ஊர் வாசிக்கும்படி வெளியே வைத்தது. அதே ஆண்டில் இயேசு சபைத் துறவியும் சமூகவியலாளருமான அந்தோணிராஜ், தமிழகத் திருச்சபையில் தலித் கிறிஸ்தவர்கள் மீதான பாகுபாட்டை ஆய்வு செய்து நூலாக வெளியிட்டார். அனுபவமாகவும் கணக்காகவும் இரகசியம் ஒரே ஆண்டில் உடைந்தது.

பிறகுதான் மேலிருந்தும் குரல் வந்தது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட மனித ஒற்றுமைக்கு முரணானது என்றார். 2022 ஆகஸ்ட் 27 அன்று ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, பாப்பரசர் பிரான்சிஸ் தம் புதன் மறைக்கல்வியில் தெளிந்து தேர்தல் பற்றிய தொடர் உரையைத் தொடங்கினார். நாள்கள் தற்செயலாக அமைந்தவைதான். ஆனாலும் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

அரசின் கணக்கும் பாக்கி இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது. தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே நிற்கிறார். கோயிலில் சாதி இருக்கிறது என்பதால் பின்னால் நிற்கிறோம், சட்டத்தில் உங்கள் சமயத்தில் சாதி இல்லை என்பதால் வெளியே நிற்கிறோம்.

நம் கையில்

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. 51ஆவது. அரசன் தனக்குரிய ஆளை எப்படிச் சோதித்துத் தேர்வது என்பது பொருள். அதன் இரண்டாம் குறள் நல்ல குடியில் பிறந்திருப்பதை ஒரு தகுதியாகச் சொல்கிறது. ஐந்தாம் குறள் ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்கிறது. ஒரே அதிகாரத்துக்குள் பிறப்பும் செயலும் எதிரெதிரே நிற்கின்றன. திருச்சபையின் வரலாறும் அந்த இரண்டு குறள்களுக்கு இடையில்தான் நடந்திருக்கிறது. நாம் ஐந்தாம் குறளின் பக்கம் நிற்கிறோம்.

இஞ்ஞாசியாரை நாம் முழுதாக ஏற்றுக்கொள்ளவும் இல்லை. என் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவதைத் திருச்சபை கருப்பு என்றால் கருப்பு என்றே நம்புவேன் என்ற பொருளில் அதே நூலில் ஒரு விதி இருக்கிறது. நம்மை வாயடைக்க அந்த விதி போதும். பெண்களைப் பற்றிய அவருடைய உவமைகளும் நமக்கு உடன்பாடானவை அல்ல. சோதிக்கும் முறையைத் தந்தவரையும் அதே முறையால் சோதிக்க வேண்டும்.

நம்மையும் சோதிக்க வேண்டும். எதிரி கோட்டையின் பலவீனமான பக்கத்தைப் பார்த்துத் தாக்குவான் என்பது இன்னொரு விதி. நம் பலவீனமான பக்கம் எது? நமக்குள் பறையர், பள்ளர், அருந்ததியர் என்று யார் யாருக்கு மேல் என்ற எண்ணம் இருக்கிறதா? நம் கூட்டங்களில் பெண்கள் கடைசியாகத்தான் பேசுகிறார்களா? அந்த இடத்தில்தான் பாம்பு நுழையும்.

'ஏன் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள்?' என்று மாணவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். இருப்பவரைக் கோழை என்றோ, போனவரைத் துரோகி என்றோ நாம் சொல்லமாட்டோம். பாமா ஒரு வகையில் தேர்ந்தார். அண்ணல் ஒரு வகையில் தேர்ந்தார். உள்ளே இருந்து போராடி வாழ்ந்து, நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் பிரித்த பக்கத்தில் அடக்கமான நம் தோழர் இன்னொரு வகையில் தேர்ந்தார். முடிவு உங்களுடையது. ஆனால் தேரும்போது இதைக் கேளுங்கள்: இந்த அமைதி யாருடையது? இந்தக் காத்திருப்பின் முடிவில் என்ன நிற்கிறது? எதை வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார்கள்?

வரும் திருவிழாவுக்கு முன் நாம் மறுபடியும் சாமியாரிடம் போகப்போகிறோம். இந்தமுறை, சேர்ந்து ஜெபிப்போம் என்று நாமே முதலில் சொல்லுவோம். மேலத்தெருக்காரர்களையும் அழைப்போம். தோழரின் கல்லறை இருக்கும் பக்கத்தில், அந்தச் சுவரின் அருகில் நின்று ஜெபிப்போம். அங்கே நின்று தெளிவோம்.

ஜெய்பீம்.